இன்னும் ஒரு வாய்...

எங்கள் ஊரில் ஒருவரை வழியிற் கண்டால் முதலில் கேட்பது "சாப்பிட்டாச்சோ?" என்பதைத்தான். நோயாளி உள்ள வீட்டுக்குப் போனாலும் அதே கேள்விதான், "ஏதும் சாப்பிடுறாரோ?" என்று சற்று மாறியிருக்கும். "ஓம், காலமை கொஞ்சம் கஞ்சி குடிச்சவர்" என்ற பதில் கிடைத்தால் வந்தவரின் முகம் தெளியும். "ஒண்டும் வேண்டாமாம்" என்றால் அவர் குரலைத் தாழ்த்திக்கொள்வார். நோயின் போக்கைச் சோற்றுக் கவளத்தால் அளக்கும் இந்தப் பழக்கத்தில் வளர்ந்தவன்தான் நானும். அந்த அளவுகோல் ஒரு குழந்தையை எவ்வளவு வருத்தக்கூடும் என்பதை அறிய நேர்ந்த கதையை இங்கே எழுதுகிறேன். எழுதத் துணிவதற்குச் சில ஆண்டுகள் பிடித்தன. என் தங்கை வாசித்துச் சம்மதித்த பின்னரே இது உங்கள் பார்வைக்கு வருகிறது.

அவன் என் தங்கையின் கடைக்குட்டி. வீட்டில் எல்லோரும் அழைத்தபடி சின்னவன் என்றே குறிப்பிடுகிறேன். 2016ஆம் ஆண்டு, அவனுக்கு ஐந்து வயதாக இருந்தபோது, வயிற்றில் ஒரு கட்டி கண்டுபிடிக்கப்பட்டது. நியூரோபிளாஸ்டோமா என்றார்கள். முதிர்ச்சியடையாத நரம்புக் கலங்களிலிருந்து தோன்றும் புற்றுநோய் அது; பெரும்பாலும் சிறுநீரகத்துக்கு மேலே உள்ள சுரப்பியில் தொடங்கும்; சின்னஞ்சிறு குழந்தைகளையே அதிகம் தாக்கும். வடபகுதிக் குடும்பங்களில் 'மகரகம' என்பது ஓர் ஊரின் பெயராக மாத்திரம் இருப்பதில்லை. "மகரகமவுக்குக் கொண்டு போயிருக்கினமாம்" என்று ஒருவர் சொன்னால், என்ன நோய் என்று மற்றவர் கேட்கமாட்டார். அங்குள்ள புற்றுநோய் மருத்துவமனைக்கும் வெள்ளவத்தையில் இருந்த என் வீட்டுக்குமாக அவர்கள் ஒன்றரை ஆண்டு அலைந்தார்கள். 2018ஆம் ஆண்டின் தொடக்கத்தில் கட்டி மீண்டும் வளர்ந்தது. இனி நோயைக் குணப்படுத்த இயலாது, ஆனால் அவனை நோவின்றி வைத்திருக்கலாம் என்று வைத்தியர்கள் பக்குவமாகச் சொன்னார்கள். மோர்பின் பாணி மருந்துடனும் வேறு சில மருந்துகளுடனும் வடமராட்சியில் உள்ள எங்கள் வீட்டுக்கு அவனைக் கொண்டுவந்தோம். நானும் அலுவலகத்தில் விடுப்பு எடுத்துக்கொண்டு உடன் வந்தேன்.

'நோய்த்தணிப்புப் பராமரிப்பு' என்ற சொல்லை எங்கள் வீடு கேட்டது அப்போதுதான். "கைவிட்டிட்டினம் எண்டுறதைத்தான் வடிவாச் சொல்லுகினம்" என்றார் அம்மா. நானும் ஏறக்குறைய அப்படியே நினைத்தேன். உலக சுகாதார நிறுவனம் 1998இல் குழந்தைகளுக்கென வகுத்த வரைவிலக்கணம் இதற்கு நேர்மாறானது. குழந்தையின் உடலையும் உள்ளத்தையும் ஆன்மாவையும் முனைப்புடன் பேணுவதும், குடும்பத்தைத் தாங்குவதும் இந்தப் பராமரிப்பு. நோய் கண்டறியப்பட்ட நாளிலேயே அது தொடங்குகிறது. நோய்க்கான சிகிச்சை நடந்தாலும் நடக்காவிட்டாலும் அது தொடர்கிறது. குழந்தைகளுக்கென்றே உலகில் அமைந்த முதலாவது இல்லமான ஹெலன் ஹவுஸ், ஒக்ஸ்போர்ட்டில் திறக்கப்பட்டது 1982இல்தான். எல்லா நாடுகளும் இதனைத் தத்தம் சுகாதார சேவையுடன் இணைக்க வேண்டும் என்று உலக சுகாதாரப் பேரவை தீர்மானம் நிறைவேற்றியது 2014இல். இவையெல்லாம் பின்னாளில் நான் தேடி வாசித்தவை. அந்த நாட்களில் எங்களுக்குத் தெரிந்திருந்த ஒரே பராமரிப்பு, ஊட்டுவது.

தங்கை ஓர் அப்பியாசக் கொப்பி வைத்திருந்தாள். "காலை: கஞ்சி 4 கரண்டி. 10 மணி: பால் கால் கோப்பை, சத்தி. மதியம்: சோறு 2 வாய்" என்று நாள்தோறும் எழுதுவாள். இரவில் அதைக் கூட்டிப் பார்ப்பாள். முதல் நாளைவிட ஒரு வாய் குறைந்திருந்தால் அன்று அவளுக்கு நித்திரையில்லை. அம்மா ஆட்டெலும்பு சூப் வைப்பார்; உழுத்தங்களி கிண்டுவார்; மீனை முள் நீக்கிப் பிசைவார். வருகிறவர்கள் ஆளுக்கொரு சத்துமா ரின்னுடன் ஆளுக்கோர் ஆலோசனையும் கொண்டுவருவார்கள். "அப்பாவுக்கு ஒரு வாய், மாமாவுக்கு ஒரு வாய், கனடாச் சித்திக்கு ஒரு வாய்..." என்று உறவெல்லாம் அவன் வாயருகே வந்து நிற்கும். சின்னவன் உதடுகளை இறுக மூடிக்கொண்டு சுவரைப் பார்ப்பான்.

இதற்கிடையில் அவனுக்கு வயிறு தண்ணீராகப் போகத் தொடங்கியது. மோர்பினுடன் சேர்த்து வயிற்றை இளக்கும் பாணி ஒன்றும் தந்திருந்தார்கள். அதனால்தான் வயிற்றோட்டம் என்று எண்ணித் தங்கை அதை நிறுத்திவிட்டாள். அம்மா மாதுளங்கோது அவித்த தண்ணீர் கொடுத்தார். யாரையும் கேளாமல் எடுத்த முடிவு அது. நானும் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

ஒரு பின்னேரம் அம்மா முட்டைக்கோப்பி அடித்துக்கொண்டு வந்தார். பச்சை முட்டை அத்தகைய குழந்தைகளுக்குத் தொற்றைக் கொடுக்கக்கூடும் என்பதை அப்போது நாங்கள் அறியோம். இரண்டு நாட்களாக அவன் உருப்படியாக எதுவும் சாப்பிட்டிருக்கவில்லை. தங்கை அழுதுகொண்டிருந்தாள். நான் அவன் தோள்களைப் பிடித்துக்கொண்டேன். அம்மா கோப்பையை வாயில் வைத்தார். "இன்னும் ஒரு வாய் ராசா, இன்னும் ஒரு வாய்..." கோப்பையின் அடிவரை குடித்தான். சற்று நேரத்தில் அத்தனையையும் சத்தியெடுத்தான். கழுவித் துடைத்துப் படுக்க வைத்தபோது அவன் என்னிடம் மெல்லக் கேட்டான்: "மாமா, நான் குடிச்சால் அம்மா அழமாட்டாதானே?"

முப்பது ஆண்டுகளுக்குக் கிட்டிய பத்திரிகைத் தொழிலில் எத்தனையோ பேரிடம் எத்தனையோ கேள்விகளைக் கேட்டிருக்கிறேன். அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இருக்கவில்லை. அந்தக் குழந்தை தன் பசிக்காக அல்ல, எங்கள் பயத்துக்காகவே விழுங்கியிருக்கிறான் என்பது மட்டும் விளங்கியது. மறுநாட் காலையில் அவனை ஓட்டோவில் ஏற்றிக்கொண்டு, நோய்த்தணிப்பில் பயிற்சி பெற்ற ஒரு பெண் வைத்தியரிடம் போனோம்.

அவர் கொப்பியைப் பார்க்கவில்லை. சின்னவனின் உயரத்துக்குக் கதிரையைத் தாழ்த்தி அமர்ந்து, "தம்பிக்கு எங்கை நோகுது?" என்று கேட்டார். அவன் வயிற்றைக் காட்டுவான் என்று நாங்கள் எதிர்பார்த்தோம். அவன் வாயைக் காட்டினான். வைத்தியர் ரோச் அடித்துப் பார்த்தார். நாக்கிலும் கன்னத்தின் உட்புறத்திலும் தயிர் படிந்தாற்போல் வெள்ளைத் திட்டுகள். காளான் தொற்று. உடலின் எதிர்ப்புச் சக்தி குறைந்த குழந்தைகளுக்கு இது எளிதில் வரும். விழுங்கும் ஒவ்வொரு முறையும் எரியும். ஒவ்வொரு கவளத்தையும் அந்தப் புண்ணின் மீதுதான் நாங்கள் வைத்திருக்கிறோம்.

"வெளிக்குப் போய் எத்தினை நாள்?"

"வயித்தோட்டம் டொக்டர். போன கிழமை முழுக்கத் தண்ணியாப் போனது. அதாலை இளக்கிற பாணியை நிப்பாட்டினனான்."

"கட்டியாக் கடைசியா எப்ப போனவர்?"

தங்கை கொப்பியைப் புரட்டினாள். உள்ளே போனவை எல்லாம் கரண்டிக் கணக்கில் இருந்தன. வெளியே போனது ஓரிடத்திலும் எழுதப்படவில்லை.

வைத்தியர் வயிற்றைத் தொட்டுப் பார்த்துவிட்டுப் பொறுமையாக விளக்கினார். மோர்பின் குடலின் அசைவை மந்தப்படுத்தும். அம்மருந்து தரும் தூக்கக்கலக்கமும் ஓங்காளமும் பெரும்பாலும் சில நாட்களில் தணிந்துவிடும். உடல் அவற்றுக்குப் பழகிவிடும். மலச்சிக்கலுக்கு மட்டும் உடல் பழகுவதில்லை. ஆகவேதான் மோர்பின் தொடங்கும் அன்றே இளக்கும் மருந்தையும் தொடங்குகிறார்கள்; மோர்பின் உள்ளவரை அதுவும் வேண்டும். அவனுக்கு ஏற்பட்டது வயிற்றோட்டமே அல்ல. இறுகிக் கிடந்த மலத்தைச் சுற்றிக்கொண்டு கசிந்த நீர் அது. இளக்கும் மருந்தை நிறுத்தியதால் அடைப்பு மேலும் இறுகியது. மலம் தேங்கினால் வயிறு நோகும், ஓங்காளம் வரும், பசி ஓடிவிடும். கட்டி வேறு இரைப்பையை நெருக்குகிறது. இரண்டு கரண்டியிலேயே வயிறு நிறைந்துவிட்டதாக அவன் உணர்வது உண்மை, அடம் அல்ல.

தங்கை விம்மினாள். "நீங்கள் ஒரு பிழையும் செய்யேல்லை அம்மா. தண்ணியாப் போனால் எல்லாரும் அப்பிடித்தான் நினைப்பினம்" என்று வைத்தியர் அவள் கையைப் பிடித்துக்கொண்டார்.

இளக்கும் மருந்துகளில் இரு வகை உண்டு என்பதை அன்றுதான் அறிந்தேன். லக்ருலோஸ், மக்ரோகோல் போன்றவை குடலுக்குள் நீரை நிறுத்தி மலத்தை மென்மையாக்கும். நம் நாட்டு வைத்தியத்தில் நிலாவாகை என்று வழங்கும் சென்னா போன்றவை குடலைத் தூண்டி அசைய வைக்கும். மோர்பின் எடுப்பவர்களுக்குப் பெரும்பாலும் இரண்டும் சேர்ந்தே தேவைப்படும். "கீரையும் பப்பாசியும் குடுக்கட்டோ?" என்று அம்மா கேட்டார். நீர் போதியளவு குடிக்காத குழந்தைக்கு நார்ச்சத்தைத் திணித்தால் அடைப்பு கூடலாம் என்று வைத்தியர் தடுத்தார். ஆசனவாய் வழியாக மருந்து வைக்கலாமா என்று நான் கேட்டேன். வெண்குருதிக் கலங்களும் குருதிச் சிறுதட்டுகளும் குறைந்திருந்தால் அதனால் தொற்றோ குருதிக்கசிவோ ஏற்படலாம் என்றார். இரத்தப் பரிசோதனை முடிவைப் பார்த்த பின்னர் வாய்வழி மருந்தையே தெரிவு செய்தார். வாய்க்கு நிஸ்ரற்றின் துளிகளும், மென்மையான தூரிகையும், உப்பு நீர்க் கொப்பளிப்பும்.

சத்தியைப் பற்றியும் அவர் ஒரு முக்கிய விடயம் சொன்னார். 'சத்திக்கு ஒரு மருந்து' என்று ஒன்று இல்லை, காரணத்துக்கே மருந்து. கீமோவினால் வரும் சத்திக்கு ஒண்டன்செற்றன் நன்கு உதவும். ஆனால் அதுவே மலச்சிக்கலையும் கூட்டும். மூளையில் கட்டி உள்ள குழந்தைக்கு விடியற்காலையில் தலையிடியுடன் சத்தி வந்தால், அங்கே குறைக்க வேண்டியது மூளையின் வீக்கத்தை. இரைப்பை மெதுவாகக் காலியாவதால் வரும் சத்திக்கு அதைத் துரிதப்படுத்தும் மருந்து உண்டு. அதே மருந்தைக் குடல் முற்றாக அடைபட்டவருக்குக் கொடுத்தால் ஆபத்து. பச்சை நிறத்தில் சத்தியெடுத்தாலோ, வயிறு உப்பிக் காற்றும் பிரியாவிட்டாலோ, இரத்தம் கண்டாலோ வீட்டில் வைத்துப் பார்க்காமல் உடனே அழைக்கச் சொன்னார். பயத்தினால் மட்டும் சத்தியெடுக்கும் குழந்தைகளும் உண்டு. மகரகம விடுதியில், ஊசி மருந்துத் தள்ளுவண்டியின் சத்தம் கேட்டதுமே சத்தியெடுத்த ஒரு சிறுமியை நான் கண்டிருக்கிறேன். அவளுக்கு எந்த மருந்தைக் காட்டிலும் தாயின் மடிதான் உதவியது.

பசிக்கே மருந்து இல்லையா என்று மைத்துனர் கேட்டார். ஸ்ரீரொயிட் வகை மருந்து சில வாரங்களுக்குப் பசியைத் தூண்டலாம். ஆனால் முகம் வீங்கும், நித்திரை கெடும், குழந்தை காரணமின்றி எரிந்து விழும், பயனோ நீடிப்பதில்லை. முற்றிய புற்றுநோயில் உணவைத் தசையாக மாற்றும் ஆற்றலையே உடல் இழந்துவிடுகிறது. "சாப்பிடாததாலை அவர் மெலியேல்லை. வருத்தம் உடம்பை உருக்குது, அதாலைதான் பசியும் போகுது" என்றார் வைத்தியர். காரணத்தையும் விளைவையும் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு நாங்கள் ஒரு குழந்தையோடு மல்லுக்கட்டியிருக்கிறோம்.

வீட்டுக்கு வந்ததும் சமையலறை மாறியது. மீன் பொரிப்பதை அம்மா பின்வளவு அடுப்புக்கு மாற்றிக்கொண்டார். பொரியல் மணம் அவனுக்கு ஓங்காளத்தைக் கொடுத்தது. சூடான உணவுக்கு மணம் அதிகம் என்பதால் ஆறியதையும் குளிர்ந்ததையும் கொடுத்தோம். பெரிய கோப்பை போய், அவன் விளையாட்டுச் சாமானிலிருந்த சிறிய தட்டு வந்தது. அதில் இரண்டு கரண்டி வைத்தாலே நிறைந்து தெரியும். மிச்சம் வைத்தாலும் தோற்றதாகத் தெரியாது. நேரம் பார்த்து ஊட்டுவதை நிறுத்தினோம், கேட்டபோது கொடுத்தோம்.

மருந்து தொடங்கிய மூன்றாம் நாள் வயிறு இளகியது. வாய்ப்புண் ஆறத் தொடங்கியபோது, "மாமா, ஐஸ்பழம் வேணும்" என்றான். வாரக்கணக்கில் அவனாக எதையும் கேட்டிருக்கவில்லை. கடை ஐஸ்பழத்துக்கு அஞ்சி, இளநீரை அச்சில் ஊற்றிக் குளிர்சாதனப் பெட்டியில் உறையவைத்துக் கொடுத்தோம். பாதியைச் சூப்பிவிட்டு மீதியை என்னிடம் நீட்டினான். பின்னர் ஏறக்குறைய ஒன்றரை மாதம் அவன் எங்களுடன் சிரித்துக் கதைத்து இருந்தான். கரண்டிக் கணக்கில் அதிகம் சாப்பிடவில்லை. ஆனால் சாப்பாட்டு நேரம் வந்தால் சுவரைப் பார்ப்பதை விட்டுவிட்டான்.

இந்த நாட்களில் வெளிநாட்டிலிருந்து ஓர் உறவினர் தொலைபேசியில், "மூக்காலை குழாய் விட்டுக் குடுக்கலாம்தானே? பட்டினி போடுறியளோ?" என்று கேட்டுவிட்டார். அந்தச் சொல் தங்கையைச் சுட்டது. வைத்தியரிடம் கேட்டோம். எல்லாக் குழந்தைகளுக்கும் பொருந்தும் ஒரே விடை இதில் இல்லை என்றார். மூளை முடக்குவாதத்தால் விழுங்க முடியாமல், ஆனால் பசி உணர்ந்து, பல்லாண்டு வாழக்கூடிய குழந்தைக்குக் குழாய் பெரும் துணை. இறுதி வாரங்களில், உணவை ஏற்க உடல் மறுக்கும் குழந்தைக்கு அதே குழாய் சத்தியையும் மூச்சுமுட்டலையும் கூட்டக்கூடும். சேலைன் ஏற்றினாலும் உடல் வீங்கி நெஞ்சில் சளி சேரலாம். கடைசி நாட்களில் தாகம் என்று தோன்றுவது பெரும்பாலும் வாய் வறட்சியே. உதட்டையும் நாக்கையும் நனைத்தால் அது தீரும். இதை ஒரு முறை சொல்லி அவர் விடவில்லை. நாங்கள் கேட்ட ஒவ்வொரு முறையும் சொன்னார். குழாய் வேண்டாம் என்று தங்கையும் மைத்துனரும் முடிவெடுத்தார்கள். அந்த முடிவை அவர்கள் தனியாகச் சுமக்க விடக்கூடாது என்பதற்காக, உறவினருக்கு நானே அழைத்து விளக்கினேன்.

ஜூன் மாதம். கறுத்தக்கொழும்பான் மாம்பழக் காலம். ஒருநாள் காலை அவன், "அம்மம்மா, புட்டும் மாம்பழமும் செய்யுங்கோ" என்றான். அம்மாவின் கைகள் நடுங்கின. புட்டை அவித்துப் பழத்தை வெட்டி, அந்தச் சின்னத் தட்டில் வைத்து எடுத்து வந்தார். அவன் தலையசைத்தான். "எனக்கில்லை. நீங்கள் எல்லாரும் இஞ்சை இருந்து சாப்பிடுங்கோ. நான் பார்க்கிறன்." அவன் கட்டிலைச் சுற்றி நிலத்தில் அமர்ந்து நாங்கள் சாப்பிட்டோம். ஊட்டுவதற்கு ஆட்கள் சுற்றி நின்ற அதே கட்டில். தொண்டைக்குள் இறங்க மறுத்ததை விழுங்குவது எப்படி இருக்கும் என்பதை அன்று நானும் அறிந்தேன். அவன் ஒவ்வொருவராகப் பார்த்துக்கொண்டிருந்தான். "மாமா மெல்லமாத்தான் சாப்பிடுறார்" என்று சிரித்தான்.

இறுதி நாட்களில் அம்மாவுக்கு ஒரு வேலை தேவைப்பட்டது. ஊட்டிய கைகள் சும்மா இருக்கப் பழகவில்லை. தாதி ஒருவர் காட்டித் தந்தபடி, பஞ்சை இளநீரில் தோய்த்து அவன் உதடுகளை நனைப்பதும், வெடிப்புக்குக் களிம்பு பூசுவதும், பாதங்களுக்கு நல்லெண்ணெய் தடவுவதும் அவர் வேலையாயின. 'ஒரு வாய்' என்ற சொல் அவர் வாயிலிருந்து போய்விட்டிருந்தது. ஜூன் மாத இறுதியில், ஒரு விடியற்காலையில், அவர் மடியில் தலை வைத்தபடியே சின்னவன் போனான். நோவில் அவன் கத்தவில்லை.

இதை வாசிக்கும் உங்களில் யாருக்கேனும் வீட்டில் இத்தகைய குழந்தை இருக்கக்கூடும். எங்களுக்குக் கிடைத்த மருந்துகள் எங்கள் குழந்தைக்குரியவை. உங்கள் வைத்தியரைக் கேளாமல் எதையும் தொடங்கவும் வேண்டாம், நிறுத்தவும் வேண்டாம். ஆனால் குழந்தை வாயை மூடிக்கொள்ளும்போது, எவ்வளவு சாப்பிட்டது என்று எண்ணுவதற்கு முன், ஏன் வேண்டாம் என்கிறது என்று கேளுங்கள். வாயைத் திறந்து பாருங்கள். கடைசியாக எப்போது மலம் போனது என்று குறித்து வையுங்கள். எங்கே நோகிறது என்று குழந்தையிடமே கேளுங்கள். பத்திரிகைக்காரனாக நான் முதலில் கற்றுக்கொண்ட 'ஏன்' என்ற கேள்வியை என் வீட்டுக் கட்டிலருகில் கேட்க மறந்தேன்.

தங்கை அந்தக் கொப்பியை இன்னும் வைத்திருக்கிறாள். சென்ற முறை ஊருக்குப் போயிருந்தபோது எடுத்துக் காட்டினாள். முன்பக்கங்கள் முழுவதும் கரண்டிக் கணக்கு. பின்னால் வர வர எழுத்து மாறுகிறது: நோவு, நித்திரை, வயிறு, வாய். கடைசிப் பக்கத்தில் இவ்வளவுதான் இருந்தது:

"இரவு நோவு இல்லை. 3 மணிக்கு உதடு நனைத்தது. அம்மம்மாவைப் பார்த்துச் சிரித்தவன்."